இரவல் சோபாவும் என் சட்டப் படிப்பும்

இங்கிலாந்தின் லீட்ஸில் என் தெருவோரம் வாரத்துக்கு ஒரு சோபா கிடக்கிறது. ‘வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்’ என்று ஆங்கிலத்தில் சீட்டு ஒட்டி, மழையில் நனையவிட்டுப் போய்விடுகிறார்கள். ஓசூரில் நான் சட்டம் படிக்க முடியாமல் போனதே ஒரு சோபாவால்தான் என்றால் இவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

ஊத்தங்கரையிலிருந்து பிழைக்க வந்து, ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தோம். அப்பாவுக்குக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. எனக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்ததும், ஏழை மாணவர்களுக்கு உதவும் அறக்கட்டளை ஒன்றிலிருந்து வீட்டைப் பார்க்க ஆள் வருவதாகச் சொன்னார்கள். உடனே அம்மா பக்கத்து வீட்டு மஞ்சுளாக்காவிடம் போய் சோபாவை இரவல் கேட்டார். கன்னடக்கார மஞ்சுளாக்காவுக்குத் தாராள மனசு. கழுத்துச் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார். வந்தவர் முந்திரி போட்ட கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, ‘வசதியான குடும்பம்’ என்று எழுதிக்கொண்டு போனார். வறுமையைக் காட்ட வேண்டிய ஒரே நாளில் அதை ஒளித்துவைக்கும் சாமர்த்தியம் நம்மவர்களுக்குத்தான் வரும். மூன்று வருடம் கம்பெனியில் ஒயர் மாட்டிய பிறகுதான், இங்குள்ள பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு சட்டம் படிக்கக் கூப்பிட்டது.

அந்த உதவியை, வீட்டு வறுமையைக் காட்டி ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இம்முறை பல்கலைக்கழக அலுவலர் ஹெலன், என் குடும்பத்தோடு வீடியோவில் பேச விரும்பினார். முதல் நாளே அம்மாவிடம் கெஞ்சினேன்.

“வீடு இருக்கிறபடியே இருக்கட்டும்மா.”

“வெள்ளக்காரம்மா பாக்கறப்ப தரையில ஒக்காந்திருந்தா உன்ன யாரு கண்ணு மதிப்பாங்க?” என்றார்.

மறுநாள் ஹெலனும் நானும் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருக்க, திரையில் அம்மா தோன்றினார். அதே சோபா, அதே சங்கிலி. “அழகான வீடு” என்ற ஹெலன், எதையோ தட்டச்சு செய்யத் தொடங்கினார். எனக்கு அந்த அறக்கட்டளைக்காரரின் பேனா நினைவுக்கு வந்தது.

வேறு வழியில்லாமல் வாதாடினேன். சோபா பக்கத்து வீட்டுடையது, சங்கிலியும் அவர்களுடையது, அம்மா படுப்பது தரையில் என்று ஆங்கிலத்தில் ஒன்றுவிடாமல் போட்டுக்கொடுத்தேன். மகள் இங்கிலீஷில் வெளுத்து வாங்குகிறாள் என்று அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. ஹெலன் கண் கலங்கி, “எவ்வளவு தைரியமான பெண் நீ” என்று பாராட்டி, உதவி தொடரும் என்றார். என் முதல் வழக்கில் அம்மாவுக்கு எதிராக ஜெயித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

ஹெலன் விடைபெற்றதும் மஞ்சுளாக்காவின் வீட்டுக்காரர் வந்து சோபாவைத் தூக்கிக்கொண்டு போனார். அம்மா தரையில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தார்.

“அவ்ளோ நேரம் அந்தம்மாகிட்ட என்னா கண்ணு சொன்ன?”

“நம்ம வீட்டப் பத்திதாம்மா.”

“நல்லவிதமா சொன்னியா?”

“நல்லவிதமாத்தாம்மா சொன்னேன்” என்றேன், பல்கலைக்கழகத்தின் மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தபடி.