சிவப்பு மையால் வெட்டிய பெயர்

ஊரில் நான் விதானையாராக இருந்தேன். அரசாங்கக் கடிதங்களில் கிராம அலுவலர். ஊர் என்று காட்டத்தான் ஒன்றும் இல்லை. இராணுவம் முள்ளுக்கம்பி அடித்துவிட்டது. மண் யாருடையது என்று இரண்டு பக்கமும் அடிபட்டுக்கொண்டிருக்க, சனம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அகதியாகக் கிடந்தது. நான் அங்கேயே ஒரு மேசையைப் போட்டு, யாரும் கால் வைக்க முடியாத ஊருக்கு வதிவிடச் சான்று எழுதிக்கொண்டிருந்தேன். குடும்பப் பதிவேடு ஒன்றுதான் கையில் மிஞ்சியது.

சட்டம் என்றால் எனக்கு உயிர். யாராவது வெளிநாடு போனால் அன்றைக்கே சிவப்பு மையால் பெயரை வெட்டுவேன். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு ஜெர்மனிக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் என் வீட்டுப் பெயர்களையும் வெட்டிக் கையெழுத்து வைத்தேன். சொந்தத்துக்கு ஒரு நியாயம் என்று ஒருவரும் சொல்லக்கூடாது பாருங்கள். கொழும்பில் தங்கச்சியின் பயணம் மட்டும் சரிவரவில்லை. அவள் முகாமுக்குத் திரும்பினாள், நான் கொலோனுக்கு வந்துவிட்டேன். பதிவேட்டை மறந்தே போனேன்.

இங்கேயும் குணம் மாறவில்லை. வீடு மாறிவிட்டுப் பதியாமல் இருக்கும் நம்மவர்களுக்கு நானே நகரசபையில் டெர்மின், அதுதான் சந்திப்பு நேரம், எடுத்துக் கொடுத்து, போய்ப் பதியும்வரை அரியண்டம் பண்ணுவேன்.

போன வருடம் எங்கள் ஊரை விடுவித்தார்கள். காணி உறுதிப் பத்திரம் வீட்டோடு எரிந்தவர்களுக்குப் பழைய பதிவேடுதான் சாட்சி. வேலைக்குப் போகிற டிராமில் இருந்தபோது இப்போதைய விதானை அழைத்தார், இளம் பெண்.

"ஐயா, உங்கட தங்கச்சி காணிக்கு விண்ணப்பிச்சிருக்கிறா. ஆனா அவ வெளிநாடு போயிட்டா எண்டு பதிவேட்டில கிடக்கு. வெட்டினது ஆரெண்டு பாருங்கோ."

பதிவேட்டுப் பக்கத்தின் படம் கைபேசிக்கு வந்தது. அடிமட்டம் வைத்து இழுத்த கோடு. என் எழுத்து. என் விரலே என் கண்ணைக் குத்தியிருந்தது. இறங்கவேண்டிய தரிப்பிடத்தையும் தவறவிட்டேன்.

"என்ர பிழைதான் பிள்ளை. இண்டைக்கே கடிதம் எழுதித் தாறன்."

"ஏலாது ஐயா. ஊர்ப் பதிவில பேர் உள்ள ஆள்தான் சாட்சி சொல்லலாம். உங்கட பேரும் வெட்டித்தானே கிடக்கு."

தங்கச்சிக்கு அழைப்பு எடுத்தேன். கேட்டபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு வீட்டுத்திட்டத்திலும் அவளை "நீ இந்த ஊராள் இல்லை" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். முப்பது வருடமாகத் தகரக் கொட்டில்.

"உனக்குத் தெரியுமோ, வெட்டினது நான் எண்டு?"

"ஓம் அண்ணை. முதல் வருசமே பதிவேட்டைக் காட்டினவை."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்ல?"



"முகாமில சனம் முழுக்க உங்களைத்தான் புகழும், ஒருத்தருக்கும் பக்கம் சாயாத விதானையார் எண்டு. அதைக் கேட்டுக்கொண்டு நான் என்னெண்டு அண்ணை சொல்லுறது?"