கொட்டாஞ்சேனையில் கொடுத்துவிட்டு வந்த பாட்டு

கொடுத்ததைக் கடவுளிடம் திருப்பிக் கேட்கலாமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

மகளுக்கு ஒரு வயது நடக்கும்போது டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு இரத்தப் பரிசோதனையும் முந்தியதைவிட மோசமாக வந்தது. கணவரைப் பிள்ளையோடு இருத்திவிட்டு, ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைத் தேவாலயத்துக்குப் போனேன். நாங்கள் வெள்ளவத்தைச் சைவக் குடும்பம். ஆனாலும் தேவாலயத்தில் ஒருநாளாவது மெழுகுதிரி கொளுத்தாத சைவக்காரர் கொழும்பில் குறைவு. மற்றவர்கள் மொட்டை போடுவதாகவோ வெள்ளியில் உருவம் செய்து வைப்பதாகவோ நேர்வார்கள். அதெல்லாம் அன்றைக்கு எனக்குப் போதாமல் தெரிந்தது. என்னிடம் அருமையாக இருந்தது பாட்டு ஒன்றுதான். சிறுவயதிலிருந்து படித்தது. ஃபிளாட்டில் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சமைக்கும்போது நானாக மெட்டுக் கட்டிப் பார்ப்பேன். "பிள்ளையைத் தாரும், நான் இனிப் பாடமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளை சுகமாகி வந்தாள். நான் வகுப்பை நிறுத்தினேன். தேவாரத்தைக்கூடப் பத்திரிகை வாசிப்பதுபோலத்தான் சொல்கிறேன்.

இப்போது அவளுக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது, சொன்னது விளங்குகிறது. பேச்சுத்தான் வரவில்லை. பேச்சுப் பயிற்சி தருகிறவர் மாளிகாவத்தைப் பெண். போன தடவை என்னிடம் கேட்டார்: "வீட்டுல பாடுவீங்களா? நான் சும்மா சொன்னா இவ பாக்கிறா இல்ல, பாடினா திரும்பிப் பாக்கிறா. ஃபோன்ல போட வேணாம். உங்கட வாய இவ பாக்கணும்."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

கணவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. "பயத்தில சொன்னதுக்குக் கடவுள் கையெழுத்தா வாங்கினவர்? நீர் பாடும்."

"பாடின பிறகு காய்ச்சல் வந்தா?"

"கொழும்பில நுளம்பு கடிக்கிற வரைக்கும் காய்ச்சல் வரும். அது உம்மட பாட்டைக் கேட்டே வருது?"

அவர் சொல்வது சரிதான். ஆனால் நேர்ந்தது நான்.

திரும்பக் கொட்டாஞ்சேனைக்குப் போய் ஃபாதரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "உங்கட பாட்டை வாங்கி வைச்சுக் கடவுள் என்ன செய்யப்போறார், மகள்? எங்கட ஆக்கள் எண்டா நானே விடுவிச்சு அனுப்பிப்போடுவன். நீங்க சைவம். உங்கட ஐயரிட்டயும் ஒருக்காக் கேளுங்கோ, அப்பதான் உங்கட மனம் ஆறும்."

ஐயர் சிரித்துவிட்டார். "அங்க போய் முடிஞ்சதை என்னை இங்க அவிழ்க்கச் சொல்லுறீங்கள். அந்தச் சாமி என்னோட கோவிச்சா நான் என்ன செய்யிறது அம்மா?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஓர் அர்ச்சனை செய்து திருநீறு தந்தார். பாடு என்றும் சொல்லவில்லை, பாடாதே என்றும் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை பின்னேரம் பல்கனியில் நின்றோம். பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ தன் மெட்டை ஒலிக்கவிட்டபடி ஒழுங்கைக்குள் வந்தது. மகள் அதோடு சேர்ந்து முனகினாள். சுருதி பிசகவில்லை. ஓட்டோ திரும்பிப் போய் மெட்டுப் பாதியில் தேய்ந்ததும், மிச்சத்தை நான் தருவேன் என்பதுபோல என் நாடியைப் பிடித்து வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிச்ச மெட்டு எனக்குத் தெரியும். "பாண் வேணுமோ?" என்று கேட்டேன். அவள் கையை எடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் முனகியதை நான் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது பக்தியா, வெறும் பயமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. வாக்கைக் காப்பதும் அவளுக்காகத்தான், மீறினாலும் அவளுக்காகத்தான். எதில் அவளுக்குக் கெடுதி வரும் என்று நினைத்து நினைத்தே நாள் போகிறது. இந்த வயதில் போகிற நாட்கள் திரும்பி வராது என்று பயிற்சி தருகிறவர் வேறு சொல்லியிருக்கிறார்.

இதை வாசிக்கிறவர்களில் நேர்த்திக்கடனை மாற்றிக்கொண்டவர்கள் இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். யாரிடம் கேட்டு மாற்றினீர்கள், பதிலுக்கு எதைக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். பிறகு உங்கள் பிள்ளைக்கு ஏதும் வந்ததா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.