உறைக்காத தோல்

என் தங்கையை வீட்டில் பாப்பா என்போம். நாற்பது வயதாகி, காதோரம் நரைத்தும்விட்டது. இருந்தாலும் பாப்பாதான். சொந்தக்காரர்கள் மத்தியில் அவளுக்கு இன்னொரு பெயர் உண்டு: தோலுரிக்கிறவள். அதை வைத்தவர் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா. ஒரு கல்யாண வீட்டில், "பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்று யாரோ விசாரித்ததற்கு, அவள் காதில் விழும்படியாகவே பதில் சொன்னார்.

"பொணத்துத் தோலை உரிக்கிறா. அதுக்குச் சம்பளம் வேற."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பாப்பாவின் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் தன் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டாள். அந்தத் தட்டு நகர்ந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அவள் வேலை பார்ப்பது தோல் வங்கியில். பெரிய ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவுக்கு மேல்மாடி, இரண்டே அறைகள். ஒருவர் இறந்து, வீட்டார் சம்மதித்தால், ஆறு மணி நேரத்துக்குள் இவர்கள் குழு போய் முதுகிலும் தொடையிலும் மெல்லிசாகத் தோலை எடுத்து வரும். அதைக் கிளிசரினில் பதப்படுத்தி, சோதனையெல்லாம் முடித்துக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். தீயில் வெந்து வருகிறவர்களின் பச்சைப் புண்ணுக்கு அதுதான் போர்வை. நிரந்தரமாக ஒட்டாது. அந்நியத் தோல் என்று உடம்பு கண்டுபிடித்துச் சில வாரங்களில் தள்ளிவிடும். அந்தச் சில வாரங்கள்தான் உயிர். மூடாமல் விட்டால் உடம்பின் நீர் ஒழுகி, கிருமி உள்ளே புகுந்துவிடும்.

சாவு விழுந்த வீட்டு வாசலில் நின்று "தோலைக் கொடுப்பீர்களா" என்று கேட்பதும் அவள் வேலையே. எத்தனை வீடுகளில் என்னென்ன பேச்சு வாங்கியிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். அவள் சொல்லி அல்ல. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி வைக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும்.

நான் சுவருக்குப் பெயின்ட் அடிப்பவன். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். தோல் என்றால் ஒரே பூச்சு என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் அந்த ஆஸ்பத்திரியிலேயே எனக்குப் பெயின்ட் வேலை வந்தது. அப்போது பாப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். ஊதாவும் ரோஜா நிறமுமாகச் சாயம் ஏற்றிய ஒரு சீவல். அடிவரிசையில் செல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி. அந்த வரிசைதான் பெருகிப் பெருகிப் புதியவற்றை மேலே தள்ளுகிறதாம். மேலே போகப் போக அவை சப்பையாகி, புள்ளியும் மறைந்து, உச்சியில் வெறும் செதிலாகக் கிடந்தன.

"இதெல்லாம் செத்ததுண்ணா. செத்தும் அடுக்கடுக்கா நின்னு காவல் காக்குது. குளிச்சிட்டுத் துண்டால தேய்க்கிறியே, அப்ப உதிர்றது இதுதான்."

"அப்போ பெரியப்பா மேல இருக்கிறதும் பொணத்துத் தோலா?"

"மேலாப்புல அப்படித்தான்" என்றாள், சிரிக்காமல்.

மேல்தோலும் அடித்தோலும் சேருமிடம் நேர்கோடாக இல்லை. இரண்டு கை விரல்களைக் கோத்தது போல ஒன்றுக்குள் ஒன்று ஏறி இறங்கிப் பிடித்திருந்தது. எனக்கு அது உடனே புரிந்தது. வழவழப்பான சுவரில் பூச்சு நிற்காது. கொத்திவிட்ட பிறகுதான் பூச வேண்டும். இங்கே கொத்து ஒழுங்காக விழுந்திருந்தது.

அடித்தோலுக்குள் சாய்வாக ஒரு குழாய் இறங்கியிருந்தது. மயிர்க்கால். மேல்தோலின் செல்கள் அதன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆழம்வரை போயிருந்தன. மேலே சீவி எடுத்துவிட்டாலும், மயிர்க்காலிலும் வேர்வைச் சுரப்பியிலும் ஒளிந்திருக்கும் அந்தச் செல்கள் ஏறி வந்து பரவிப் புதுத் தோலாக மூடிவிடுமாம். தீ அந்த ஆழத்தையும் தின்றுவிட்டால் முளைக்க எதுவும் மிஞ்சாது.

அப்படி வந்தவள்தான் பேக்கரியில் வேலை பார்த்த ஒரு பெண். அடுப்பு வெடித்துவிட்டது. அவள் முதுகை மூடப் பெட்டியில் தோல் இருந்தது. கால்களுக்கு இல்லை. வேறு வங்கிகளிலும் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. கால் வழியாகக் கிருமி ஏறி அவள் போய்ச் சேர்ந்தாள். அன்று வீட்டுக்கு வந்த பாப்பா, "பெட்டி காலிண்ணா" என்றாள். அந்தப் பெட்டி காலியாக இருந்ததற்கு எத்தனை வீட்டுப் பெரியப்பாக்கள் காரணமோ என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியும். அவரைத் திட்டும்போது அம்மா எப்போதும் ஒரே வார்த்தையைத்தான் பிடித்துக்கொள்வாள். "எருமைத் தோல்! கத்திக் கத்தித் தொண்டை போச்சு, ஏதாவது உறைக்குதா பாரு." அப்பா சிரித்துக்கொண்டே காலை ஆட்டுவார். பேக்கரிப் பெண் இறந்த வாரம் பாப்பாவிடம் சொன்னார்: "நான் போனா என்னோடதை எடுத்துக்கம்மா. நல்ல தோல். இதை ஒட்டிக்கிட்டவனுக்குப் பொண்டாட்டி திட்டினாக்கூட உறைக்காது." அம்மா கரண்டியை ஓங்கினாள். எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த மாதமே, ஒரு காலையில் நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் எழவே இல்லை. டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். பாப்பா அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்பா சொன்ன மாதிரி கொடுத்திடலாமா? மதியத்துக்குள்ள சொல்லணும்."

அம்மா வாய் திறப்பதற்குள், அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்த பெரியப்பா எகிறினார்.

"என்னடி சொன்ன? பெத்த அப்பன் தோலையே உரிக்கப் போறியா? ஊர்ப் பொணமெல்லாம் பத்தலையா உனக்கு?"

"உரிக்கிறது இல்ல பெரியப்பா. மேலாப்புல ஒரு சீவல்தான். முகத்தைத் தொட மாட்டாங்க. கட்டுப் போட்டுச் சட்டை மாட்டினா வித்தியாசமே தெரியாது."

"யாருக்குக் கொடுக்கப் போற? ஆளைச் சொல்லு."

"தெரியாது. அந்த ஆளுக்கு இன்னும் தீயே படல. பட்டதுக்கப்புறம் தேடினா கிடைக்காது பெரியப்பா."

"கேட்டீங்களா கூத்தை! இன்னும் வேகாத ஆளுக்கு என் தம்பி தோலை எடுத்து மடிச்சு வைக்கப் போறாளாம்!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்பா அங்கே படுத்திருக்கிறார், இவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்குக் கண் இருட்டிவிட்டது.

"நிறுத்துங்க பெரியப்பா! மயிரு மாதிரி பேசிக்கிட்டு!"

அவ்வளவுதான். தோல் விஷயம் போய், அவர் மரியாதை விஷயம் வந்துவிட்டது. "யாரைப் பார்த்து என்ன வார்த்தை சொன்னான் பாருங்க! இவன் மன்னிப்புக் கேக்காம இந்த வீட்ல ஒண்ணும் நடக்காது" என்று நடு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒருவர் என்னைச் சமாதானப்படுத்தினார், இன்னொருவர் அவருக்கு விசிறினார். செத்தவரை யாரும் கவனிக்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பாப்பா போனில் பேசிவிட்டு என் காதருகே வந்தாள்.

"வண்டி கிளம்பத் தயாரா இருக்கு. ஆனா வீட்ல சண்டைன்னா அவங்க படியேற மாட்டாங்கண்ணா. அது விதி. சொந்த வீட்லயே வாங்க முடியலன்னா, நாளைக்கு அடுத்தவங்க வாசல்ல எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

அவள் குரல் உடைந்து நான் அன்றுதான் கேட்டேன். மன்னிப்புக் கேட்டுத் தொலைக்கலாம் என்று ஓரடி வைத்தேன். அதற்குள் அம்மா கூப்பிட்டாள்.

"பாப்பா, இங்க வா. உங்கப்பா தோல் தடிப்பா, மெல்லிசா?"

"என்னம்மா?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"மெல்லிசும்மா. எல்லாருக்கும் மெல்லிசுதான். உள்ளங்காலையும் உள்ளங்கையையும் விட்டா, மேல்தோல்ங்கிறது ஒரு காகிதத்துக்கு மேல கனம் இருக்காது. அதுக்கு அடியிலேயே நரம்பு நுனியெல்லாம் வந்து நிக்கும்."

அம்மா அப்பாவின் முழங்கைக்கு மேலே விரலால் ஒருமுறை தடவினாள்.

"அப்போ உறைச்சிருக்கும்" என்றாள்.

அம்மா பெரியப்பா பக்கம் திரும்பினாள். "உங்க தம்பி அவர் வாயால சொன்னதை நான் கேட்டேன். குறுக்க நிக்காதீங்க. வண்டியை வரச் சொல்லு பாப்பா."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். போகிற போக்கில், "தோலுரிக்கிற குடும்பம்" என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டுத்தான் போனார்.

குழு வந்தது. கருவியைப் பாப்பா தொடவில்லை, கூட வேலை செய்பவர் பிடித்தார். நான் கதவருகே நின்றேன். இடுக்கியில் தூக்கிய ஒரு பட்டை ஜன்னலுக்கு நேரே வந்தது. அதன் வழியாக ஜன்னல் கம்பிகள் தெரிந்தன. நாற்பது வருடத்துக்கு மேலாக எருமைத் தோல் என்று பேர் வாங்கியது அதுதான். கட்டுப் போடுகிற வேலையை மட்டும் பாப்பா யாருக்கும் விடவில்லை. அவளே சுற்றினாள், ஒரு சுருக்கம் இல்லாமல். சட்டைப் பொத்தானை நான் மாட்டினேன்.

வண்டி போனபின் பெரியப்பா திரும்பி வந்தார். அப்பாவின் கழுத்துப் பக்கம் குனிந்து பார்த்தார். காலரை விரலால் விலக்கிப் பார்த்தார். "எங்க எடுத்தாங்க? ஒண்ணுமே தெரியல" என்றார். பிறகு வாசலுக்குப் போய், துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் பேச ஆரம்பித்தார். "எல்லாருக்கும் மனசு வராதுங்க. நாங்களா முன்வந்து கொடுத்தோம்." என் காதாலேயே கேட்டேன். அந்தக் கட்டின் ஈரம்கூடக் காய்ந்திருக்காது.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அப்புறம் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் அவருக்கு இதே பேச்சு. போன வாரம் ஒரு வீட்டில், பத்துப் பேர் நடுவில், பாப்பாவின் வார்த்தைகளையே எடுத்துவிட்டார்: "உரிக்கிறது இல்லைங்க, மேலாப்புல ஒரு சீவல்தான். சட்டை மாட்டினா வித்தியாசமே தெரியாது. என் தம்பிக்கு நான்தான் முன்ன நின்னு செஞ்சேன். நம்ம பொண்ணுதான் அங்க பெரிய வேலைல இருக்கு." நம்ம பொண்ணாம்! நான் எழுந்தேவிட்டேன். பாப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"விடுண்ணா. இந்த வீட்ல தோல் கொடுக்கச் சரின்னு சொல்லிட்டாங்க."

"அவருக்கு வெக்கமே இல்லையா? மயிரு மாதிரி…"

"ஐயோ, மயிருன்னு மட்டும் திட்டாத. எல்லாம் போனாலும் அதுலேருந்துதான் தோல் முளைக்குது. நல்ல ஜாதிச் செல்லு அது. அவரோட சேர்க்காத."

சொல்லிவிட்டு, அந்த வீட்டு அம்மாவிடம் பேசுவதற்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து பெரியப்பாவைத் திட்டுவதற்கு வேறு ஒரு வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு உறைக்கிற மாதிரி ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.