டெய்லர் அக்கா வீட்டு மஞ்சப்பை

அரியலூரில் குடும்ப ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைப் பற்றி எனக்கே ஏக மதிப்பு. பிரிய வந்தவர்களைச் சேர்த்து அனுப்பினால் கோப்பில் 'சமரசம்' என்று எழுதி மூடுவோம். என் அலமாரியில் அப்படி மூடிய கோப்புகள்தான் அதிகம். வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். இப்போது அந்த அலமாரியைத் திறக்கவே பிடிக்கவில்லை.

எங்கள் வேலை முறை ரொம்பச் சாதாரணம். முதலில் மனைவியிடம் தனியாகப் பேச வேண்டும், பிறகு கணவரிடம் தனியாக, கடைசியில் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்து. தனியாகச் சொன்னதைச் சேர்ந்து உட்காரும்போது எடுக்கவே கூடாது. பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆலத்தியூர் பக்கமிருந்து ஒரு பெண் மூன்று வயது மகளோடு வந்தாள். பிறந்த ஊர் பூலாம்பாடி. நர்சிங் படித்தவள். கணவன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். கல்யாணமான கையோடு வேலைக்குப் போகக் கூடாது என்றுவிட்டான். கை நீட்டவும் தொடங்கியிருந்தான். தனியாக உட்கார்ந்தபோது அரை மணி நேரம் மகளின் சடையையே பின்னிக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இத அவருகிட்ட சொல்லிராதீங்க மேடம். என் சர்டிபிகேட்டையெல்லாம் ஒரு மஞ்சப்பையில போட்டு, எங்க தெரு டெய்லர் அக்கா வூட்டுல குடுத்து வச்சிருக்கேன். மறுபடியும் அடிச்சாருன்னா புள்ளையத் தூக்கிக்கிட்டுத் திருச்சிக்குப் போயி எங்கயாச்சும் நர்சா சேந்துருவேன்."

"இங்க சொல்றது வெளிய போகாதும்மா" என்றேன்.

சேர்ந்து உட்கார்ந்த அன்று அவன் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருந்தான். "எல்லா வூட்லயும் நடக்குறதுதான் மேடம்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். எனக்கு முன்கோபம் உண்டு. வீட்டில் என் கணவர் அதைக் கண்டு ஒதுங்கிப் போய்விடுவார். ஆபீசில் யார் ஒதுங்குவது?

"படிச்ச சர்டிபிகேட்டக்கூட சொந்த வீட்டுல வைக்கப் பயந்துக்கிட்டு டெய்லர் வீட்டுல குடுத்து வச்சிருக்காங்க. அந்த அளவுக்கு வச்சிருக்கீங்க பொண்டாட்டிய."

அவன் தலையைக் கவிழ்த்து அழுதான். "நானே போயி வாங்கியாந்து எங்க பீரோவுல வைக்கிறேன் மேடம்" என்றான். நான் பூரித்துப்போய்த் தலையாட்டினேன். அவள் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பெருமையில் எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. இனிமேல் அடிக்க மாட்டேன் என்று அவன் எழுதிக் கொடுத்தான். சமரசம் என்று எழுதி மூடினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நடுத்தர வயதுப் பெண் ஆபீசுக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. தான்தான் அந்த டெய்லர் என்றார்.

"அவரு வந்து, கவுன்சிலிங் மேடமே வாங்கியாரச் சொன்னாங்கன்னாரு. நீங்க சொன்னீங்களேன்னுதான் பையைக் குடுத்தேன். அன்னிக்கு சாயங்காலமே வெந்நி அடுப்புல வச்சு எரிச்சுட்டாருங்க."

நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று வாயெடுத்தேன். தலையாட்டியது ஞாபகம் வந்ததும் நிறுத்திக்கொண்டேன். சான்றிதழுக்கு நகல் வாங்கலாம், மனு நானே எழுதித் தருகிறேன், அவளை வரச் சொல்லுங்கள் என்றேன். "இனிமே அவ எங்கங்க தனியா வரப்போறா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று நான் சாப்பிடவில்லை. ஒரு பெண் தப்பிப்பதற்கென்று சேர்த்து வைத்திருந்த ஒரே வழியை, என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்காக அடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இந்த வேலையில் எனக்கு நம்பிக்கை திரும்பி வரவே இல்லை. சம்பளத்துக்கு வருகிறேன், போகிறேன்.

அடுத்த மாதம் மறுபார்வைக்குக் கணவனும் மனைவியுமாக வந்தார்கள். சேர்த்து அனுப்பியவர்களை மூன்றாம் மாதம் அழைத்து, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது வழக்கம். அவன் சிரித்த முகத்தோடு வணக்கம் சொன்னான். அவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

அவள் வலது கையில் வளையல் இருந்தது. இடது கையில் இல்லை. மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"தப்பு என் மேலதாம்மா. மன்னிச்சிரும்மா" என்றேன். நகல் வாங்குவதைப் பற்றிச் சொன்னேன். புகார் கொடுத்தால் கூடவே வருகிறேன் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "இன்னும் அடிக்கிறாரா? என்கிட்ட சொல்லும்மா" என்றேன். இங்கே சொல்வது வெளியே போகாது என்று வழக்கமாக அதன்பின் சொல்லும் வாக்கியம் எனக்கு வாயில் வரவில்லை.

அவள் கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

"நல்லாத்தான் இருக்கோம் மேடம். அப்படியே எழுதிக்கங்க."

அப்படியே எழுதினேன்.