கடுக்காய் பூசிய உதடு

என் மகளின் உதடு அப்படி வெடித்ததற்குக் காரணம் அவளுடைய பல்லா, நானா? இன்றும் எனக்கு விடை தெரியவில்லை.

அப்போது அவளுக்கு நான்கு வயது. ஆம்பூரில் என் கணவர் தோல் கிடங்கில் மேஸ்திரி. குழந்தையின் வாயோரம் இரண்டும் சிவந்து வெடித்தன. கடுக்காய் புண்ணை ஆற்றும் என்று எங்கோ படித்திருந்தேன். கிடங்கில் தோல் பதனிட வைத்திருந்த கடுக்காயை அவரிடம் சொல்லிக் கொண்டுவரச் செய்து, இழைத்து மூன்று வேளையும் பூசினேன். வெடிப்பு ஆழமாகி இரத்தம் கசிந்தது. அவள் கஞ்சிக்குக்கூட வாய் திறக்கவில்லை. குஷ்டம் என்கிற பெருநோயோ என்ற பயத்தை யாரிடமும் சொல்லாமல், பல்லும் ஒன்று உடைந்திருந்ததால், வேலூரில் பல் டாக்டரிடம் தூக்கிப் போனேன்.

"இன்னாம்மா தடவுனே?" என்றார் டாக்டர்.

"வீட்டுக்காரர் கிடங்குலேர்ந்து கொண்டாந்த கடுக்காய்ங்க."

"அவரு ஆட்டுத்தோலைப் பதம் பண்றாரு, நீ புள்ள உதட்டைப் பதம் பண்றியா? நல்ல ஜோடிம்மா!"

பிறகு பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். "பெருநோயெல்லாம் இல்ல. உடைஞ்ச பல்லு உறுத்துது, அதான் உதட்டை நாக்கால நக்கிக்கினே இருக்கா, வெடிக்குது. கடுக்காய் அதை இன்னும் காய வைக்குது, நிறுத்து."

நான் கேட்காமலே அவர் அதைச் சொன்னதும் அங்கேயே அழுதுவிட்டேன். பல்லின் கூர்முனையை அராவிவிட்டு, வெண்ணெய் மட்டும் தடவச் சொன்னார். பத்து நாளில் குழந்தை வாய்நிறைய இட்லி தின்றாள்.

ஆனால் உதட்டை நக்கும் பழக்கம் மட்டும் இன்றுவரை போகவில்லை. திட்டினால் இன்னும் அதிகமாக நக்குகிறாள். திட்டாமலே இதை நிறுத்திய தாய்மார்கள் இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.