கிரேன் இல்லாமல் ஏறிய கூரை

பட்டறையை வீட்டைவிட்டுத் தள்ளித் தனியாகக் கட்ட வேண்டும் என்று சொன்னது நான்தான். என் வீட்டுக்காரர் இன்றுவரை அதைத் தன் யோசனை என்றே சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கூரை எப்படி ஏறியது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் பாதிப் பேராவது இருக்கிறார்கள்.

அறுபதுகளின் கடைசி அது. நாங்கள் நீ சூன் பக்கம் ஒரு கம்பத்தில் குடியிருந்தோம். கிராமத்தைத்தான் அப்படிச் சொல்வோம். இன்று ஈசூன் என்று அடுக்குமாடி வீடுகளாக நிற்கிற இடம் அப்போது ரப்பர் மரமும் அன்னாசித் தோட்டமும் செம்மண் சாலையுமாக இருந்தது. என் அப்பா எனக்கு விட்டுப்போன அத்தாப்பு ஓலைக் கூரை வீடு, பின்னால் தாராளமாகக் காலி இடம். வீட்டுக்காரருக்கு ஆங்கிலேயர்களின் கடற்படைத் தளத்தில் ஃபிட்டர் வேலை. கப்பல் பழுதுபார்க்கும் பிரிவு. ‘பேஸ்’ என்றுதான் எல்லாரும் சொல்வோம்.

வெள்ளைக்காரர்கள் பேஸை மூடிவிட்டுப் போகப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அன்றிலிருந்து எங்கள் வரிசையில் வீட்டுக்கு வீடு இதே பேச்சு. சிலர் பெட்டி வாங்கவே ஆரம்பித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கிற வயதில் வந்தவர். அவருடைய அண்ணன்கள் அங்கே நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வேலையே போனப்புறம் இங்க என்ன இருக்கு. ஊருக்கே போயிடலாம்” என்றார் ஒருநாள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

நான் இங்கே பிறந்தவள். தேக்கா சந்தையில் எந்த மீன்காரன் பழைய மீனை மேலே தண்ணீர் தெளித்து விற்பான் என்பதுகூட எனக்குத் தெரியும். அவருடைய ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அவரையும் நான் இங்கேதான் பார்த்தேன். போக மாட்டேன் என்று அழுது அடம்பிடிக்கலாம். ஆனால் அழுதால் அவர் பிடிவாதம் கூடுமே தவிரக் குறையாது. அதனால் யோசித்தேன்.

சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகை முதலாளி இருந்தார். அவருக்கு மூட்டை ஏற்ற மூன்று லாரிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் கடைவாசலிலேயே படுத்து அந்த லாரிகளைப் பழுதுபார்த்துக் கொடுப்பார். நான் சாமான் வாங்கப் போனபோது முதலாளியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“அவரு கை மாதிரி வராதும்மா” என்றார் அவர். “கூரை போட்டு ஒரு எடம் இருந்துச்சுன்னா மூணு லாரியையும் உங்ககிட்டயே விட்டுடுவேன் லா. வெட்டவெளியில பிரிச்சுப் போட முடியுமா, மழைக்காலம் வருதுல்ல.”

வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன். அவர், “சரி. மழைக்கு முன்னாடி பட்டறை நிக்கணும். நின்னுச்சுன்னா இருப்போம். நிக்கலைன்னா கப்பல் ஏறிடணும், அப்புறம் நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது” என்றார். சரி என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தையைச் சொல்லிவிட்டோம் என்று புரிந்தது.

அவர் முதலில் போட்ட திட்டம், அடுப்படிச் சுவரோடு ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்குவது. ஒரு சுவர் மிச்சமாம். வெல்டிங் பொறி ஒன்று அத்தாப்பில் விழுந்தால் மிச்சம் எது என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். மறுநாள் பின்பக்கத்து ரம்புத்தான் மரத்துக்கு அப்பால் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கயிற்றைக் காட்டித்தான் இப்போதும் தன் யோசனை என்கிறார்.

அதற்குப் பிறகு என் வீட்டு முன்கூடம் என் கையை விட்டுப் போயிற்று. பேஸில் எதையும் தாளில் மட்டும் வரைந்து செய்ய மாட்டார்களாம். தரையில் முழு அளவுக்கு வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே இரும்பை வைத்துப் பார்த்து வெட்டுவார்களாம். எங்கள் கூடத்துச் சிமெண்டுத் தரையில் கூரையில் பாதியைச் சாக்கட்டியால் வரைந்தார். பாதிதான் கொண்டது. மறுபாதி இதே மாதிரிதான் என்றார். நான் போடும் கோலத்தை நாள்தோறும் மிதித்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர், தன் கோட்டில் என் கால் பட்டால் மட்டும் “அழிஞ்சிடும், அழிஞ்சிடும்” என்று பதறினார். நான் ஒரு வாரம் துடைப்பத்தைத் தொடவில்லை.

லாரிக்கு அடியில் நின்று வேலை செய்ய ஒரு குழி வேண்டும் என்று அவரும் பேஸ் ஆட்களும் தோண்டினார்கள். எங்கள் மண்ணைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கலாம். இரண்டு நாளில் தண்ணீர் ஊறி, அடுத்த வீட்டுச் சீனக் குடும்பத்தின் வாத்துகள் வந்து நீந்தின. குழியை மூடிவிட்டு, சக்கரம் ஏற இரண்டு சிமெண்டு மேடு போட்டுக்கொண்டார்கள். வாத்துகளுக்குத்தான் வருத்தம்.

மற்ற வேலையெல்லாம் மளமளவென்று நடந்தது. அவரோடு வேலை பார்த்த நாலைந்து பேர் ஞாயிறுதோறும் வந்தார்கள். எல்லாரும் வேலை போகப்போகிறவர்கள், பட்டறை நின்றால் அதில் இரண்டு பேருக்காவது இடம் கிடைக்கும். சுங்கை ரோட்டுப் பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கி எடுத்த ஆங்கிள்களை அறுத்தார்கள், துளையிட்டார்கள், வாடகைக்கு எடுத்த கேஸ் உருளை தீருகிறவரை ஒட்டினார்கள். கால்கள் நட ஆறு குழியும் வெட்டி, ஆறு குழாய்க் கால்களையும் பக்கத்தில் கிடத்தி வைத்தார்கள். கடைசி ஒட்டு வைத்து முடித்தபோது, லாரி நுழையும் அளவுக்குப் பெரிய கூரைச் சட்டம், ஒரே துண்டாக, ஒரு இம்மிகூடக் கோணாமல் தரையில் கிடந்தது. பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: “இத யாருங்க மேல தூக்கி வைக்கிறது?”

அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். ஒருவர் கையைக்கூட உயர்த்திவிட்டார். பேஸில் வேலை முடிந்ததும் கையை உயர்த்தினால் கிரேன் வந்து கொக்கியை இறக்கும். எத்தனையோ வருஷம் அப்படியே செய்து பழகியவர்கள். தரையில் ஒட்டி முடி, தூக்குவது கிரேன் பாடு. என் வீட்டு ரம்புத்தான் மரத்துக்குப் பின்னால் கிரேன் கிடையாது என்பது அந்த ஆறு மூளைகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. எல்லாருமாக ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள். அந்த மூலை முழங்கால்வரை வந்து திரும்பிப் போயிற்று. கிரேன் வண்டியை வாடகைக்கு எடுக்கலாம் என்றால், எங்கள் வாய்க்கால் மேல் கிடந்த பலகைப் பாலம் அதைத் தாங்காது. வெட்டித் துண்டாக்கினால் சட்டம் கோணிக்கொள்ளும், திரும்ப ஒட்டக் கேஸும் இல்லை. வடக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. நண்பர்கள் ஒவ்வொருவராகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டு, “நமக்கு இந்த ஊரு அவ்வளவுதான் போல” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரலைத்தான் தாங்க முடியவில்லை.

நான் நேரே வாய்க்காலைத் தாண்டி மாக்சிக் வீட்டுக்குப் போனேன். பக்கத்து மலாய் அம்மாளை மாக்சிக் என்றுதான் கூப்பிடுவேன், அவர் கணவரைப் பாக்சிக் என்று. முந்தின வருஷம் அவர்கள் உறவினர் ஒருவரின் மர வீட்டை, அடியில் மூங்கில் கொடுத்து, கம்பத்து ஆண்கள் எல்லாருமாகத் தோளில் சுமந்து வேறு இடத்துக்குக் கொண்டுபோய் வைத்ததை நான் வாசலில் நின்று பார்த்திருந்தேன். ஊரே சேர்ந்து ஒருவருக்குக் கைகொடுப்பது அவர்கள் வழக்கம். கோத்தோங் ரோயோங் என்பார்கள்.

பாக்சிக் வந்து சட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். வீட்டையே படிக்கட்டோடு தூக்கியிருக்கிறோம், இது வெறும் எலும்புதானே என்று மலாயில் சொல்லிவிட்டு, மூங்கில் எத்தனை வேண்டும் என்று எண்ண ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் வாளியிலிருந்து எழுந்தார்.

அடுத்த ஞாயிறு காலை முப்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். மலாய்க்காரர்கள், பேஸ் ஆட்கள், வாத்துக்காரச் சீனரும் அவர் தம்பிமாரும். நானும் மாக்சிக்கும் எல்லாரும் சாப்பிடும்படி மரக்கறிச் சமையலாகவே செய்தோம். சட்டத்துக்குக் குறுக்கே மூங்கில்களைக் கட்டினார்கள். திட்டம் பாக்சிக்குடையது: இடுப்புவரை தூக்கி எண்ணெய் டிரம்களின் மேல் வைப்பது, பிறகு டிரம் மேல் டிரம். உயரம் வந்ததும் கால்களைக் குழியில் நிறுத்திச் சட்டத்தோடு போல்ட் பூட்டுவது.

முதல் முயற்சியே கெட்டது. மலாய்க்காரர்கள் மூன்றுவரை எண்ணி, ‘தீகா’ என்றதும் தூக்கினார்கள். நம் ஆட்கள் தேர் இழுப்பது மாதிரி நீளமாகக் குரல் கொடுத்து, குரல் முடிந்ததும் தூக்கினார்கள். சீனருக்கு வேறு கணக்கு. சட்டம் ஒரு பக்கமாகச் சாய, எல்லாரும் விட்டுவிட்டு ஓடினார்கள். நல்லவேளை, யார் காலும் நசுங்கவில்லை. இனி யார் கணக்கில் தூக்குவது என்று வாக்குவாதம் ஆரம்பித்தது.

நான் அடுப்படிக்குப் போய்ப் பித்தளைத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்து ஸ்டூலின் மேல் ஏறினேன். “யாரும் எண்ண வேணாம்” என்று தமிழிலும் மலாயிலும் சொன்னேன். “ஒரு தட்டு தட்டினா தூக்கணும். ரெண்டு தட்டினா அப்படியே நிக்கணும்.” வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். “நீங்களும்தான்” என்றேன்.

ஒரு தட்டு. சட்டம் எழுந்தது. எல்லா மூலையும் ஒன்றாக எழுந்தது. இரண்டு தட்டு, நின்றது, டிரம்களை உள்ளே உருட்டி நிமிர்த்தினார்கள். மறுபடி ஒரு தட்டு. இரண்டாம் அடுக்கில் சிலர் பெஞ்சுகளின் மேல் நின்றார்கள். மூன்றாவதற்குக் கவைக் கழிகளால் முட்டுக் கொடுத்து ஏற்றினார்கள். அத்தனை ஆண்களும் என் தாம்பாளத்துக்குக் காது கொடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஆறு கால்களும் குழியில் நின்றன. வீட்டுக்காரர் ஏணியில் ஏறி முதல் போல்ட்டைத் துளையில் வைத்தார். சுத்தியல் கேட்கவில்லை. விரலால் தள்ளினார், உள்ளே போயிற்று. இரண்டாவதும் அப்படியே. கடைசிக் காலுக்கும் விரலே போதுமாக இருந்தது. கூடத்தில் போட்ட சாக்கட்டிக் கோட்டின் லட்சணம் அது. அதற்கு மட்டும் நான் அவருக்கு முழு மார்க் கொடுத்தேன். கீழே விசிலும் கைதட்டலும் அடங்கவே இல்லை.

அந்த வாரமே குழிகளில் கான்கிரீட் இறுகித் தகரமும் அடித்தாகிவிட்டது. தகரம் முடிந்து மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையிலேயே முதல் லாரி பாலத்தின் மேல் மெதுவாக ஊர்ந்து வந்து பட்டறைக்குள் நுழைந்தது. இரும்புக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் பேசுவதுகூடக் கேட்கவில்லை. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. அவர் லாரிக்கு அடியில் காய்ந்த தரையில் படுத்துக் கிளட்சைக் கழற்றினார். நண்பர்கள் இருவர் கூடவே வேலை செய்தார்கள்.

வண்டி தயாரானதும் மளிகை முதலாளியே எடுத்துப்போக வந்தார். ஓட்டிப் பார்த்தார், திருப்தி. மற்ற இரண்டையும் அனுப்புகிறேன் என்றார். பிறகு கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, நம்மவர்கள் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: “இத்தனை நாளா பழகுறோம், கேட்டதே இல்ல. உங்களுக்கு எந்த ஊரு?”

இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லி நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் என்று தொடங்கி, ஆற்றின் பெயர், அடுத்த கிராமம் என்று வழியோடு சொல்வார். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு வாசலில் நின்றேன்.

அவர் கையை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டு, ஸ்பானரை அதன் இடத்தில் மாட்டிவிட்டுச் சொன்னார்: “இந்த ஊருதாங்க. இதோ, இந்த வீடுதான்.”