முதல் தண்ணீரைப் பார்த்தவள்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் எண் நன்றாகத் தெரியும். பெண்ணையாற்றில் நட்டிருந்த அளவுக்கல்லின் எண்களைக் கரையில் நின்றபடியே படித்துவிடுவேன். எங்கள் தெருவில் வேறு எந்தப் பெண்ணுக்கும் அது வராது.

அப்போது அறுபதுகளின் தொடக்கம். திருவெண்ணெய்நல்லூருக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டி எங்கள் வீடு. கல்லில் தண்ணீர் எப்போது ஏறியது, எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்து விழுப்புரம் ஆபீசுக்கு எழுதி அனுப்புவது என் வீட்டுக்காரருக்கு வேலை. நிலம் இல்லாத எங்கள் வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

ஒரு ஐப்பசியில் ஆபீசிலிருந்து இன்ஜினீயர் ஒருவர் வந்தார். மேற்கே பெய்யும் மழையை வைத்து, வெள்ளம் எப்போது இங்கே வந்து சேரும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு கணக்குப் போட்டிருந்தார். வழியில் மணல் குடிக்கும் தண்ணீருக்கென்று அதில் ஓர் எண் உண்டு. எங்கள் கல் சொல்வதோடு பொருந்துவதற்காக அந்த எண்ணைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாராம். பொருந்தவே இல்லை. கணக்கில் காலையில் வரும் வெள்ளம் எங்கள் கல்லுக்கு மத்தியானம்தான் வந்தது.

"என் கணக்கு தப்பா இருக்கணும், இல்லாட்டி நீ வீட்டுல படுத்துக்கினு எழுதியிருக்கணும். இந்தத் தடவை நானே பார்க்கிறேன். பொய்யின்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றார்.

"பொய் எழுதற அளவுக்கு இவனுக்கு எழுத்து தெரியாது சாமி" என்றார் என் மாமியார்.

மேற்கே நல்ல மழை என்று தந்தி வந்தது. எங்கள் தலைக்கு மேல் மேகமே இல்லை. வெயில் அடித்தது. ஆறு வெறும் மணல். விடிந்ததும் ஊற்றுத் தண்ணீர் எடுக்க நான் குடத்தோடு போய் வந்த கால்தடம் அப்படியே கிடந்தது. கரையில் ஒரு காக்கை கூட இல்லை. திடீரென்று ஊற்றுக் குழிகளில் தண்ணீர் தானாக ஏறிக் கலங்கியது.

"வர்றா" என்றார் மாமியார்.

கரையில் கூடியிருந்த தெருவே ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. என் வீட்டுக்காரரும் திரும்பிக்கொண்டார்.

"என்னய்யா இது?" என்று இன்ஜினீயர் கேட்டார்.

"முதல் தண்ணியைப் பாக்கக் கூடாதுங்க. ஆத்தா தலைவிரிச்சிக்கினு வருவா. பொங்க வெச்சி, கற்பூரம் காட்டிட்டுத்தான் திரும்பணும். மத்தியானம் ஆயிடுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப இத்தனை வருஷமா முதல் தண்ணியைப் பார்த்தது யாரு?"

"யாரும் இல்லீங்க. நான் திரும்பிப் பாத்த நேரத்தைத்தான் எழுதினேன்."

இன்ஜினீயர் சிரிக்கவில்லை. "யாருமே பார்க்காத ஆத்துக்குக் கணக்கைத் திருத்திக்கினு இருந்தேனா? பார்க்கிற ஆளுக்குத்தான்யா இந்த வேலை. பார்ப்பியா, மாட்டியா?"

என் வீட்டுக்காரர் திரும்பாமலே உட்கார்ந்திருந்தார்.

"நான் பாக்கறேங்க" என்று எழுந்தேன்.

மாமியார் என் புடவையைப் பிடித்தார். "வேணாம்டி. நீ பாத்தா அவளும் உன்னைப் பாத்துடுவா."

நான் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

சத்தமே இல்லை. ஆற்று வளைவிலிருந்து பழுப்பு நுரை ஒன்று ஊர்ந்து வந்தது. அதற்கு முன்னால் எறும்பும் தேளும் ஓடின. தண்ணீர் பரவலாக வரவில்லை. மணலில் கிடந்த ஒரு கால்தடத்தில் இறங்கி, அது நிரம்பியதும் அடுத்த தடத்தில் இறங்கியது. வெயிலில் ஒவ்வோர் அடியாக மினுங்கிற்று. ஆள் இல்லாமல் அடி மட்டும் நடந்து வந்தது, காலையில் நான் நடந்த அதே வழியில், என்னைப் பார்த்து.

கல்லைத் தொட்டதும் எண்ணைச் சொன்னேன். இன்ஜினீயர் கடிகாரத்தைப் பார்த்தார். கணக்கு ஒட்டிவிட்டது என்றார். வேலை எங்களிடமே நின்றது. எழுதுவது என் வீட்டுக்காரர், பார்ப்பது நான்.

அதன் பிறகு வருஷா வருஷம் தெரு முதுகைக் காட்டி உட்காரும், நான் ஒருத்தி பார்ப்பேன். ஒரு வருஷம் முந்தின நாள் காற்று மணலைத் துடைத்துப் போட்டிருந்தது. தந்தி இரவே வந்துவிட்டதால் காலையில் யாரும் ஆற்றில் இறங்கவில்லை. ஒரு தடம் இல்லை. அன்றைக்கும் தண்ணீர் அடி அடியாகத்தான் வந்தது.

நான் எண்ணைச் சொன்னேன். அதை மட்டும் அவர் ஆபீசுக்கு எழுதி அனுப்பினார்.